ஷிமானாமி கைடோவில் நண்பர்களோடு ஒரு நாள்: கேள்வி பதில்

ஜப்பானின் ஒனோமிச்சி நகரிலிருந்து ஷிகோகு தீவில் உள்ள இமாபாரி வரை, செதோ உள்கடலின் ஆறு தீவுகளைப் பாலங்களால் இணைத்துக்கொண்டு போகிறது ஷிமானாமி கைடோ. சைக்கிளில் சுமார் 70 கி.மீ. இந்தப் பாதையைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கே: அண்ணா, நாங்கள் ஆறு பேர். எல்லாருமே ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ஒரே நாளில் 70 கி.மீ. முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் கூட்டத்தில் மெதுவாக மிதிப்பவர் யார் என்று பார்த்து, அவரை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும். அவருக்கு 40 கி.மீ.தான் வசதி என்றால் எல்லாருக்கும் 40தான். முழுப் பாதையையும் முடித்தே தீருவோம் என்று கிளம்பும் நண்பர்கள் மதியத்துக்குமேல் கடலைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலையில் இமாபாரியில் ஆரம்பியுங்கள். இக்குச்சிஜிமா தீவின் செதோதா ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுமார் 40 கி.மீ. வரும். அங்கிருந்து ஒனோமிச்சிக்குப் படகு இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பெரிய பாலங்கள் இரண்டும் இந்தப் பாதியிலேயே வந்துவிடுகின்றன. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

கே: பாலங்கள் ரொம்ப உயரமாமே? ஏறும்போது மூச்சு வாங்குமா?

கீழே கப்பல் போக வேண்டுமே, அதனால் பாலங்கள் உயரம்தான். ஆனால் ஏறுவதற்குச் சைக்கிளுக்கென்றே தனிச் சாய்தளம் வளைந்து வளைந்து போகிறது. சரிவு 3 சதவீதம் அளவுதான். சின்ன கியரில் போட்டுப் பேசிக்கொண்டே ஏறலாம்.

இமாபாரியிலிருந்து வரும்போது முதலில் குருஷிமா நீரிணைப் பாலம். 1999இல் திறந்தார்கள். மூன்று தொங்குபாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் சுமார் 4 கி.மீ. கீழே நீரோட்டம் அப்படி ஒரு வேகம். கடல் ஆறு மாதிரி சுழித்துக்கொண்டு ஓடுவதை மேலிருந்தே பார்க்கலாம். அங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்த பெரிய பாலம் தத்தாரா. கம்பிவடங்கள் தாங்கும் பாலம், நடு இடைவெளி மட்டுமே 890 மீட்டர். திறந்த சமயத்தில் இந்த வகையில் உலகிலேயே நீளமானது இதுதான். அதன் கோபுரத்துக்கு அடியில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதி, படபடவென்று மேலே ஏறிப் போகும். டிராகன் அழுகிறது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் நின்று தட்டிவிட்டுத்தான் போவேன். ஆறு பேர் மாறி மாறித் தட்டினால் இன்னும் அருமை.

கே: ஜப்பானிய மொழி தெரியாது. வழி தவறினால்?

சாலையோரத்தில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள். அதையே பிடித்துக்கொண்டு போனால் போதும். இன்னும் எத்தனை கி.மீ. என்பதும் அங்கங்கே எழுதியிருக்கும். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

கே: சார், வாடகைச் சைக்கிளை எடுத்த இடத்திலேயே கொடுக்க வேண்டுமா?

சாதாரணச் சைக்கிளை வழியில் உள்ள வேறு வாடகை நிலையத்திலும் விடலாம். மின்சார உதவியோடு ஓடும் சைக்கிளைப் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே கேட்பார்கள். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். உட்காரும் உயரத்தைச் சரிசெய்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள், முழங்கால் வலிக்கு அதுதான் முதல் காரணம்.

கே: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு?

இது கொஞ்சம் சிரமம்தான் அம்மா. இது மீன்பிடித் தீவுகளின் பக்கம். காய்கறி சூப்பிலும் நூடுல்ஸ் சாறிலும்கூட மீன் சாறு கலந்திருக்கும். கிளம்பும் முன்பே கடையில் ரொட்டி, வாழைப்பழம், கடலை எல்லாம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோற்று உருண்டையில் உமேபோஷி என்ற ஊறுகாய் வைத்தது கிடைக்கும். அதிலும் சிலவற்றில் மீன் தூள் இருக்கும், உறையைப் பார்த்து வாங்குங்கள். பழத்துக்குக் குறைவே இல்லை. இக்குச்சிஜிமா எலுமிச்சைத் தீவு, சாலையோரமெல்லாம் தோப்புதான்.

கே: எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே. அல்லது அக்டோபர், நவம்பர். ஜூனில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் பயம்; காற்று பலமாக இருந்தால் பாலத்தின் மேல் போகவே வேண்டாம்.

கே: மதியம் ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா?

கூடாது. அங்கே குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது குற்றம். 2024 நவம்பரிலிருந்து சட்டத்தை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான். படம் எடுக்க வேண்டுமா, ஓரமாக நிறுத்தி எடுங்கள். அரட்டை அடித்துக்கொண்டு இருவர் இருவராகப் போவதும் அங்கே விதிமீறல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும்.

கே: எங்கள் கூட்டத்தில் ஒருவன் பயங்கர வேகம். அவனை என்ன செய்வது?

ஓஷிமா தீவில் கிரோசான் மலைமேல் ஒரு காட்சிமேடை இருக்கிறது. ஏற்றம் செங்குத்து, ஆனால் மேலிருந்து குருஷிமா பாலம் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். அவரை அங்கே அனுப்புங்கள். அவர் ஏறி இறங்கி வருவதற்குள் மற்றவர்கள் நிதானமாக ஓட்டி அடுத்த தீவு ஹக்கத்தாஜிமாவுக்குப் போய்விடலாம். பாலம் இறங்கியதும் வரும் கடற்கரையில் சந்திப்பதாக முன்பே பேசி வையுங்கள்.