கடல் தாண்டும் முன் ஒரு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 31. பட்டர்வொர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஐந்தரைக்கு எழுந்து, பெர்ரியில் போய், மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, அதே பெர்ரியில் திரும்பி வந்து சமைக்கிறேன். வீட்டுக்கு மூத்தவள். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. அப்பா லாரி ஓட்டினார், இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பெரிய தம்பி பிறையில் தொழிற்சாலை வேலை: 12 மணி நேர ஷிப்டு, நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. தங்கை கோலாலம்பூரில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கடைசித் தம்பி பள்ளியில் படிவம் 4. அம்மாவின் கிளினிக், பில்கள், பசார் (காய்கறிச் சந்தை), டியூஷன் எல்லாம் என் தலையில். முன்பு என் இரண்டு சிறுகதைகள் ஞாயிறு பதிப்பில் வந்தன. மூன்று வருடமாக ஒரு கதை பாதியில் கிடக்கிறது. இரவு 11 மணிக்கு நோட்டை எடுத்தால் தூக்கம்தான் வருகிறது. எழுத நேரம் வேண்டும் என்றால், “கதை சோறு போடுமா?” என்கிறார் அம்மா. நாவல் எழுதவும் ஆசை. நான் என்ன செய்ய?
– மூத்தவள், பாகான்

பதில்: உங்கள் கடிதத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரே வரி. லாரி ஓட்டியவர், பகல் முழுக்க வீட்டில் இருப்பவர், அவர் பெயரில் ஒரு வேலையும் இல்லை. அதை நீங்கள் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவரிடம் பிறகு வருவோம். முதலில் அந்த 11 மணியை விட்டுவிடுங்கள். ஐந்தரைக்கு எழுந்தவருக்கு அது பதினேழரை மணி நேரம் விழித்திருந்த பிறகு வரும் நேரம். அந்த நேரத்தில் பழைய பில்லைச் சரிபார்க்கலாம். புதிதாக ஒரு வாக்கியம் யோசிக்க முடியாது. தூக்கம் வருவதை உங்கள் ஆர்வக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தையும் விடுங்கள்.

இந்த வாரம் ஒன்றும் எழுத வேண்டாம். ஏழு நாளைக்கு ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். உங்களுக்கு அது கைவந்த கலை. தாளில் மூன்று பத்தி: வேலை, எத்தனை நிமிடம், யார் நினைவு வைத்திருந்தது. மூன்றாவது பத்திதான் முக்கியம். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாள் என்று வையுங்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போவது ஒரு காலைப்பொழுது வேலை. ஆனால் தேதியை ஞாபகம் வைப்பது, அலுவலகத்தில் லீவு சொல்வது, முதல் நாள் இரவிலிருந்தே சாப்பாடு கூடாது என்று சொல்வது, விடிகாலையில் அம்மா பழக்கதோஷத்தில் காப்பி குடித்துவிடாமல் பார்ப்பது எல்லாம் ஒரு வாரமாக உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். காப்பி குடித்துவிட்டால் போனது வீண், இன்னொரு தேதி. இது தாளில் ‘மூன்று மணி நேரம்’ என்றுதான் வரும். எழுதுகிறவருக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்று மணி நேரம் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஒரு வார நினைப்பு. ஓய்வாக ஒரு மணி நேரம் கிடைத்தபோதும் ஏன் எழுத வரவில்லை என்பது அந்தப் பத்தியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அதனால் வீட்டில் யாரிடமும் ‘கொஞ்சம் உதவி பண்ணு’ என்று கேட்காதீர்கள். உதவி என்றால் நினைவு வைப்பது நீங்களும் செய்வது அவர்களுமாக ஆகிவிடும். கொடுப்பதை முழுசாகக் கொடுங்கள், ஞாபகம் வைப்பதையும் சேர்த்து.

அம்மாவின் கிளினிக் பெரிய தம்பிக்கு. 12 மணி நேரம் நின்று வருகிறவனுக்கு எப்படி என்று உடனே தோன்றும். ஆனால் கிளினிக் நடப்பது வார நாளில். வேலைக்குப் போகிறவர்களில் வார நாளில் ஓய்வு கிடைப்பது அவனுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எடுக்கிறீர்கள். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்பது ஆறு நாள் சுழற்சி. இன்று ஓய்வென்றால் 90-ஆம் நாளும் ஓய்வுதான். ஆக, மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுக்கும்போதே எது தோதான நாள் என்று கவுன்டரில் சொல்லிவிடலாம். இரவு ஷிப்டு முடிந்து வரும் காலையை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். வேலையை மாற்றிக் கொடுப்பது ஒரே நாளில் நடக்காது. முதல் தடவை இருவரும் போங்கள். அடுத்த தடவை அவன் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். மூன்றாவது தடவை அவன் தனியாக. அட்டை, மருந்துப் பட்டியல், வீட்டில் எடுத்த சர்க்கரை அளவு நோட்டு மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில் அவன் அலமாரியில் இருக்க வேண்டும். உங்கள் கைப்பையில் இருந்தால் வேலை இன்னும் உங்களுடையதுதான்.

மாதாமாதம் மருந்து வாங்க வரிசையில் நிற்பதையும் குறைக்கலாம். அரசாங்க மருந்தகங்களில் அடுத்தடுத்த மாத மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவை இருக்கிறது. சில இடங்களில் காரில் இருந்தபடியே வாங்கிக்கொள்ளும் முகப்பும் உண்டு. அம்மாவின் கிளினிக்கில் எது உண்டென்று மருந்துக் கவுன்டரில் கேளுங்கள். இன்சுலின் போலக் குளிரில் வைக்க வேண்டியது அஞ்சலில் வராது.

பில்கள் தங்கைக்கு. தூரத்தில் இருக்கிறாள் என்பது இங்கே தடையே இல்லை. டி.என்.பி. மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் ஜோம்பே என்ற இணைய வங்கிச் சேவையில் கோலாலம்பூரில் இருந்தே கட்டலாம். சம்பளம் போட்ட மறுநாள் மொத்தப் பணத்தை அவள் கணக்கில் போட்டுவிடுங்கள். எந்த பில் எப்போது என்பது அதற்குப் பிறகு அவள் பாடு. கட்டியாயிற்றா என்று கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் தவறி நிலுவை அடுத்த பில்லில் சேர்ந்து வந்தாலும், அதை அவளே பார்த்து அவளே கட்டட்டும்.

இப்போது அப்பா. காலை பசார் அவருடையது. கடைசித் தம்பியை இரவு டியூஷனிலிருந்து ஏற்றி வருவதும் அவருடையது. இரண்டும் வண்டி வேலை, அவருக்குப் பழகியது. ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் முற்றிப்போன வெண்டைக்காய் வரும், கேட்ட மீனுக்குப் பதில் வேறு மீன் வரும். ‘விடுங்கப்பா, நானே வாங்கிக்கிறேன்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பை திரும்ப உங்கள் கைக்கு வந்துவிடும், இனி அதை யாரும் கேட்க மாட்டார்கள். மூத்த பெண்களுக்கு இந்த இடம்தான் வழுக்கும். நம்மைப் போல யாரும் செய்ய மாட்டார்கள் என்பதில் நமக்கே ஒரு சின்னப் பெருமை உண்டு, இல்லையா? ஆறு வாரம் முற்றின வெண்டைக்காயைச் சாப்பிடுங்கள். சாம்பாரில் போட்டால் தெரியாது.

எழுத நேரம் செவ்வாய், வியாழன் மாலை 5.45 முதல் 6.45 வரை. இடம் தீவுப்பக்கம். பெர்ரி ஏறி அக்கரையில் இறங்கிவிட்டால் வீடு உங்களைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே எழுதிவிட்டுத்தான் கடல் தாண்ட வேண்டும். படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிமிட நடை. ஒரு தே தாரிக்கை (ஆற்றிய பால் டீ) வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் எழுப்பாத மாமாக் சாப்பாட்டுக் கடைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பெர்ரியிலேயே எழுதலாமே என்று தோன்றும். பயணமே பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதில் இடம் பிடித்து நோட்டைத் திறப்பதற்குள் இறங்கச் சொல்வார்கள். எழுதியதைப் படித்துப் பார்க்க மட்டும் அது போதும்.

முதலாளியிடமும் ஒன்று கேட்கலாம். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் வந்து, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்பதாக இருந்தால் அந்த இரண்டு நாளும் அரை மணி நேரம் முன்னால் வந்து முன்னால் போகக் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்காதீர்கள். பகலில் நீங்கள் வீட்டில் இருப்பது தெரிந்தால் கதவு தட்டும் கேஸ்காரர் முதல் அம்மாவின் வெந்நீர் வரை உங்களைத்தான் தேடும்.

அந்த இரண்டு நாள் நீங்கள் ஏழரைக்கு வருவீர்கள். மாத்திரை போடும் அம்மாவின் சாப்பாடு அதுவரை காத்திருக்கக் கூடாது. திங்கள் குழம்பை ஒரு மடங்கு கூட வைத்து, ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள். செவ்வாய் அதைச் சூடாக்கிச் சோறு வைப்பது கடைசித் தம்பி. குக்கரில் இரண்டு கப் அரிசி, அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரை தண்ணீர்; 16 வயதுப் பையனுக்கு இது தெரியாமல் இருப்பது தப்பு. வியாழக்கிழமை அப்பா கடையில் தோசை புங்குஸ் (பொட்டலம்) வாங்கி வரட்டும்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். “அம்மா, செவ்வாயும் வியாழனும் ஏழரைக்குத்தான் வருவேன். கதை எழுதிட்டு வருவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்.” மூன்று வாக்கியம் போதும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) என்று பொய் சொல்லாதீர்கள். எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்காக என்றால் தாமதமாகலாம், எழுத்துக்காக என்றால் கூடாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஓ.டி. பணம் எங்கே என்று வேறு ஒருநாள் கேட்பார்கள். சோறு போடுமா என்று அம்மா கேட்டால் போடாது என்றே சொல்லுங்கள். அதுதான் உண்மை, அதற்கு மேல் வாதம் வளராது. அந்த ஒரு மணி நேரத்தில் போன் அடிக்க மூன்று காரணம் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: யாராவது விழுந்துவிட்டால், மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், தம்பி வழியில் மாட்டிக்கொண்டால். குடும்ப வாட்ஸ்அப் குழு 6.45 வரை மௌனத்தில் இருக்கட்டும்.

தம்பிக்கு அடுத்த வருடம் எஸ்.பி.எம். தேர்வு, அது முடியட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். எஸ்.பி.எம். முடிந்தால் மேற்படிப்பு இடத்துக்கு யூ.பி.யூ. விண்ணப்பம், பிறகு பி.டி.பி.டி.என். கல்விக் கடன், பிறகு தங்கைக்கு வரன். தம்பி படிவம் 4-இல் இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஒரு மணி நேரத்தில் என்ன முடியும்? முதல் பத்து நிமிடம் மனசு அடங்கப் போகும். மிச்ச நேரத்தில் கையால் 200 சொல் எழுதலாம், கோடு போட்ட சின்ன நோட்டில் ஏறக்குறைய இரண்டு பக்கம். 1,200 சொல் கதைக்கு ஆறு அமர்வு, அதாவது மூன்று வாரம். நான்காவது வாரம் அதைத் தொடாமல் வேறு எதையாவது படியுங்கள். ஐந்தாவது வாரம் திருத்தம். ஆறாவது வாரம் தட்டச்சு. போனில் தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகைகளில் எது கைக்கு வருகிறதோ அது. (அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்.) ஒவ்வொரு அமர்விலும் காட்சி முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒருவர் பேசப் போகும் இடத்தில் நிறுத்தி, அடுத்த பக்கத்தின் தலையில் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு வரி எழுதி மூடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில், தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம், தைப்பூச வாரம், கல்யாண மாதங்களைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஆறு கதை தேறும். அந்த வாரங்களில் எழுதாததைத் தோல்வியாக எண்ண வேண்டாம், நாள்காட்டியில் முன்பே அடித்துவிடுங்கள். முடித்ததைக் கையில் வைத்திருக்காமல் ஞாயிறு பதிப்புக்கோ, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘பேரவைக் கதைகள்’ போட்டிக்கோ அனுப்புங்கள். வெளியே ஒரு கடைசித் தேதி இருந்தால் வீட்டிலும் அதற்கு மரியாதை.

நாவல் இப்போது வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு நாவல் எழுதினால், யார் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளவே பாதி நேரம் போய்விடும். ஆறு கதை முடித்த பிறகும் ஆசை இருந்தால், அதே ஊர், அதே மனிதர்கள் என்று தொடர்புள்ள கதைகளாக எழுதிப் பாருங்கள்.

பாதியில் கிடக்கும் கதைக்கு முதல் செவ்வாய்க்கிழமையைக் கொடுங்கள். முழுவதையும் படித்துப் பார்க்காதீர்கள். படித்தால் திருத்த உட்காருவீர்கள், ஒரு மாதம் முதல் பக்கத்திலேயே போய்விடும். கடைசிப் பக்கத்தை மட்டும் புது நோட்டில் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். பழைய வாக்கியம் தீரும் இடத்தில் பேனாவை எடுக்காமல் அடுத்ததை எழுதுங்கள். இரண்டு செவ்வாய், இரண்டு வியாழன் இப்படி முயன்றும் நகரவில்லை என்றால், அந்த நோட்டை அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதுக் கதை தொடங்குங்கள்.