அமெரிக்க–மெக்சிகோ எல்லை முழுக்கச் சுவர் கட்டினால் சட்டவிரோதக் குடியேற்றம் நின்றுவிடுமா?

நிற்காது, தாமதமாகும். சுவர் என்கிறார்களே தவிர, டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் எழுந்தது பெரும்பாலும் 18 முதல் 30 அடி உயர இரும்புத் தூண் வரிசைதான். ஆறு அங்குலச் சதுரக் குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பி, நாலு அங்குல இடைவெளி விட்டு நடுவார்கள். காவலர்களுக்கு மறுபக்கம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி.

கடைகளில் கிடைக்கும் மின் ரம்பத்தால் தூணின் அடியை அறுத்து, தள்ளிவிட்டு நுழைகிறார்கள். ஏணியும் உண்டு, கலிபோர்னியாவின் சான் டியேகோ பக்கம் சுரங்கமும் உண்டு. ஆக, கேமராவும் உடனே ஓடிவர ஆளும் இல்லாத இடத்தில் அது வெறும் இரும்பு. நகரையொட்டிய பகுதிகளில் நிலைமை வேறு. எல்லை தாண்டியவர் சில நிமிடங்களில் தெருக் கூட்டத்தில் கலந்துவிடுவார் என்பதால், அங்கே கிடைக்கும் தாமதமே பெரிய லாபம்.

டெக்சாஸில் எல்லையே ரியோ கிராண்டே ஆறு. வெள்ளம் பாயும் நிலத்தில் கட்ட முடியாமல் சுவர் உள்ளே தள்ளிப் போகிறது. பல இடங்களில் அது தனியார் நிலம், பலவற்றுக்கும் வழக்கு.

விசா முடிந்தும் தங்கிவிடுபவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்தவர்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்களில் பலரோ காவலரைத் தேடிச் சரணடைந்தார்கள். இவர்களிடம் சுவரின் உயரம் செல்லாது.