பக்கம் திரும்பும் சத்தம்

அன்புள்ள ஐயா,

தொடக்கப் பள்ளிக்குத் திரை எதற்கு என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் அது வந்து இரண்டு நாள் சண்டை ஓடியது. நான் அங்கே வாயைத் திறக்கவில்லை, உங்களுக்கே எழுதிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். ஒரே அறையில் 27 பிள்ளைகள். பெரிய திரை எங்களுக்கும் வந்திருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் சொன்னது ஓரளவு சரி. மூன்றாம் வகுப்புக்கு ஒரு வீடியோ போட்டால் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் தொழில்நுட்பம் என்றாலே திரைதான் என்பதுபோல நீங்கள் எழுதியது எனக்கு ஒப்பவில்லை. நான் அதிகம் பயன்படுத்துவது என் போனில் இருக்கிற குரல்பதிவு. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு தடவை ஒன்றிரண்டு பக்கம் வாசிக்கும், பதிவு செய்துகொள்வேன், ராத்திரி சமைத்துக்கொண்டே கேட்பேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் கணீரென்று வாசிப்பான். அரும்பு, மொட்டு, மலர் என்று வாசிப்புக்கு நிலை போடுகிறோமே, அதில் மேல் நிலையான 'மலர்' நிலையில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் பதிவைக் கேட்கும்போதுதான் உறைத்தது: அடுத்த பக்கத்தின் முதல் வரியை அவன் சொல்லி முடித்த பிறகுதான் பக்கம் திரும்பும் சத்தம் கேட்கிறது. மறுநாள் வேறு புத்தகத்தைக் கொடுத்தேன், ஒரு சொல் கூட்டத் தெரியவில்லை. பாடம் முழுக்க மனப்பாடம், உபயம் வீட்டில் அக்கா.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிற செயலிகள் வந்துவிட்டன, இந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாமா? பிள்ளைகள் குரலைப் பதிவு செய்வது தப்பு என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர், தப்பா? செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆறு மாதமாகியும் வாயே திறக்கவில்லை, அவர்களிடம் எதைப் பதிவு செய்ய?

பெயரும் ஊரும் போட வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

குட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டுரையை எழுதும் முன் நான் பார்த்தது இரண்டே பள்ளி. இரண்டிலும் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆசிரியை ஓரமாக நின்று போனில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார். எதை நிரப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தால் வேறு கட்டுரை எழுதியிருப்பேன். கேட்கவில்லை. வருகைப் பதிவுச் செயலி சுற்றிக்கொண்டே நின்றிருக்கும், பாவம்.

என் அம்மாவும் இடைநிலை ஆசிரியைதான். தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்பிக்கும் பொருள்களைக் கொடுக்கக் கரும்பலகைத் திட்டம் என்று 1987இல் மத்திய அரசு கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள், விடுங்கள். அம்மாவின் பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. காந்தம், பூதக்கண்ணாடி, உலக உருண்டை, இன்னும் என்னென்னவோ. அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் இடுப்பில் செருகிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள், பூதக்கண்ணாடி கீறினால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆய்வாளர் வருகிற அன்று பெட்டி திறக்கும், பிள்ளைகள் காந்தத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், சாயங்காலம் மூடிவிடும். இன்றைக்கும் திரையின் ரிமோட் பல பள்ளிகளில் பீரோவுக்குள்தான் இருக்கிறது, காரணமும் மாறவில்லை. நீங்கள் உங்கள் சொந்தப் போனைப் பயன்படுத்துவதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு: அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. (உங்கள் காசு, உங்கள் டேட்டா என்பது வேறு சங்கதி. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.)

வகுப்பறைக்கு வந்த இயந்திரங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். சினிமா வந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று எடிசன் 1913லேயே சொன்னார். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சி இருந்தது. வருஷம் முடிந்ததும் செயற்கைக்கோள் போய்விட்டது. நம் ஊரில் 2018இல் ஒன்றாம் வகுப்புப் புதிய பாடநூல் வந்தபோது உள்ளே க்யூஆர் கோடு இருந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை, கொரோனாவில் அந்தத் தொலைக்காட்சியை விட்டால் வேறு கதியில்லாத வீடுகள் எத்தனையோ. ஆனால் இவை எல்லாமே பேசுகிற இயந்திரங்கள், பிள்ளை உட்கார்ந்து கேட்க வேண்டும். பிள்ளை பேச, இயந்திரம் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஏற்பாடு உங்களுடையது. ஒன்று, இரண்டாம் வகுப்பில் காசு செலவழிப்பதென்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன். இதற்குச் செலவே இல்லை என்பதால்தானோ என்னவோ யாரும் இதைத் திட்டமாக அறிவிப்பதில்லை.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் அவன் வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள், ஆனால் கண் ஒன்றாம் வகுப்பின் சிலேட்டில், காது மூன்றாம் வகுப்பின் சண்டையில் இருந்திருக்கும். ராத்திரி அடுப்படியில் அவன் ஒருவன் குரல் மட்டும். அதனால் தாளின் சத்தம்கூடக் கேட்டது. கேட்டுத் திருத்துகிற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் 2019இல் 'போலோ' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அப்புறம் அது 'ரீட் அலாங்' ஆயிற்று, தமிழிலும் வந்தது. இப்படிப்பட்ட செயலி திரையில் இருக்கிற சொல்லையும் வாயில் வருகிற சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கும். மனப்பாடமாகத் தெரிந்த கதையை உங்கள் பையனிடம் கொடுத்தால் இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தும், நட்சத்திரம் நட்சத்திரமாக வாங்கிக் குவித்திருப்பான். பக்கம் தாமதமாகத் திரும்பியது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பதை ஒரு பிள்ளை 'வாளப்பளம்' என்கிறது. சென்னைப் பக்கமாக இருந்தால் 'வாயப்பயம்'. அந்தப் பிள்ளைக்கு ழ தெரியவில்லையா, தெரிந்துதான் வீட்டுப் பேச்சில் வாசிக்கிறதா? முன்னதற்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பின்னதற்கு இப்போதைக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். எது எது என்று பிரிக்க, சாயங்காலம் கேட்டில் நின்று அந்த அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிற பேச்சைக் கேட்ட ஆள் வேண்டும். எனவே செயலியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. மனிதர் முன்னால் வெட்கப்படுகிற பிள்ளை மெஷின் முன்னால் பத்துத் தடவை வாசிக்கும், அது பெரிய லாபம். ஆனால் அரும்பா, மொட்டா, மலரா என்று நிலை போடுகிற வேலையை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொன்னார்களே, அதில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். நிலையைத் தப்பாகப் போட்டால் அப்புறம் எல்லாம் தப்பு.

ஒரு குறை சொல்லட்டுமா? பதிவை நீங்கள் கேட்கிறீர்கள், பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவதாகக் கடிதத்தில் இல்லை. பிள்ளைகள் தாங்களே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் முறை ஓடிய காலத்தில் வகுப்பறைகளில் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டியிருப்பார்கள், பிள்ளைகள் செய்ததையெல்லாம் அதில் தொங்கவிடுவார்கள். உள்ளே நுழைகிற பிள்ளை முதலில் அண்ணாந்து தன்னுடையதைத் தேடும். குரலுக்கும் அப்படி ஒரு பந்தல் வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பள்ளியில் கதை சொல்லப் போயிருந்தேன். ஒரு சிறுமி, இரண்டாம் வகுப்பு இருக்கும், நரிக் கதை ஒன்றைச் சொன்னாள், பதிவு செய்து அவளிடமே போட்டுக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டவள், "இது நான் இல்ல" என்றாள். நீதான் என்றேன். "நான் இப்டி எல்லாத்தையும் முழுங்கவா செய்றேன்?" பதில் சொல்வதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது ஏழு பதிவுகள் இருந்தன. ஏழாவதில் நரி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறது. நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

திரையை மூடி வைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் உங்கள் குழுவில் மறுபடி இரண்டு நாள் ஓடும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை மேசையில் அந்தப் பக்கம் நாலு செங்கல், இந்தப் பக்கம் நாலு செங்கல் அடுக்கி, குறுக்கே இரண்டு மர ஸ்கேல் போட்டு, கேமரா கீழே பார்க்கிற மாதிரி போனைப் படுக்க வைத்துத் திரையோடு இணைத்துவிடுகிறார். கீழே அவர் கை எழுதுகிறது, மேலே திரையில் முறத்தளவு ண விழுகிறது. முன்பு எழுத்து தானாகவே வளர்கிற வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தாராம். அதில் கையும் இல்லை, பென்சிலும் இல்லை. பிள்ளைகள் வடிவத்தைக் கச்சிதமாகப் போட்டார்கள், ஆனால் பாதிப் பேர் வாலில் தொடங்கித் தலைக்கு வந்தார்கள். இப்போது பிள்ளைகளே முறை வைத்துப் போனுக்கு அடியில் கையை நீட்டி எழுதுகிறார்கள், மற்றவர்கள் "ஏய், அது ரெண்டு சுழி, மூணு சுழி போடு" என்று கத்துகிறார்கள். சத்தம் காது கிழியும். அந்தத் திரைக்கு என் ஓட்டு.

பதிவு செய்வது தப்பா என்று கேட்டீர்கள். செய்தது தப்பாகத் தெரியவில்லை, செய்ததை எங்கே வைக்கிறோம் என்பதில் தப்பு வரும். ஒரு பிள்ளை ஏதோ ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்ன வீடியோ ஆசையாக ஸ்டேட்டஸில் போய், ஊர்க் குழுவுக்குப் போய், டீக்கடையில் சிரிப்பாகி, ஐந்தாம் வகுப்பு வந்தும் அந்தச் சொல்லையே பட்டப்பெயராகச் சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன். போட்டவர் நல்ல மனுஷர்தான். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும். அம்மாக்களிடம் கேட்டில் வைத்தே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பருவம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். வருஷ ஆரம்பத்தில் எடுத்த ஒரே ஒரு பதிவை மட்டும் வைத்திருந்து, கடைசியில் அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டிவிட்டு அதையும் அழித்துவிடலாம்.

ஒடியாப் பிள்ளைகள். இதற்குத்தான் எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. அப்புறம் மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி கிராமம் நினைவுக்கு வந்தது. ரஞ்சித்சிங் டிசலே அங்கே தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியராக 2009இல் போனபோது ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, ஒரு பக்கம் கிடங்கு, நடுவில் பள்ளிக்கூடம். 2020இல் உலக ஆசிரியர் பரிசு, பத்து லட்சம் டாலர், வாங்கினார், வாங்கியதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு வைத்தவர் என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு கன்னடம் என்பதால் அவர் கன்னடம் கற்றுக்கொண்டார் என்பது. கோடுக்குள் கன்னடப் பாட்டும் கதையும் போனது அதற்குப் பிறகுதான்.

உங்களை ஒடியா படிக்கச் சொல்லவில்லை. சூளைக்கு ஒரு சாயங்காலம் போய், அந்த அம்மாவைப் பத்துப் பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். மறுநாள் அதை வகுப்பில் போடுங்கள். அம்மா குரல் உங்கள் போனிலிருந்து வந்தால் அந்த இரண்டு பேரும் தலையைத் தூக்காமல் இருக்க மாட்டார்கள். மற்ற 25 பேரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகத்தான் சொல்வார்கள், அப்போது திருத்த அந்த இருவரை விட்டால் ஆள் கிடையாது.

தண்ணீருக்கு ஒடியாவில் 'பாணி'. அந்த ணி மூணு சுழி ணி. பழத்துக்கு 'பளொ' மாதிரி ஏதோ சொல்வார்கள், அதில் இருப்பது நம்ம ள. வாயைத் திறக்காத அந்த இருவரிடமும் ண இருக்கிறது, ள இருக்கிறது, பலகையில் அதற்கு என்ன உருவம் என்பதுதான் தெரியாது. 'பாணி' என்று தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிப் போட்டு அதிலிருந்து தொடங்கினால் என்ன? செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பையன் வேறு புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்துக்கு வந்திருக்கிறான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.