ஜிம்மில் எத்தனை பேர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

"நேரில் கேட்டால் எல்லாரும் 'நான் நேச்சுரல்' (தசை வளர்க்க மருந்து எதுவும் எடுக்காதவன்) என்றுதான் சொல்வார்கள், பிறகு எப்படிச் சதவீதம் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஒருமுறை ஜிம்மில் கருத்துக்கணிப்புத் தாள் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் ஸ்டீராய்டு கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய், கால்மணி நேரத்தில் உடைமாற்றும் அறையில் இன்னொருவருக்கு எந்த வாரம் எத்தனை ஊசி என்று வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் தாளில் பெயர்கூடக் கேட்கவில்லை.

மாட்டிக்கொள்வோமோ என்ற இந்தப் பயத்தைப் போக்க ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் 1965-இல் ஒரு வழி சொன்னார்: பதிலில் அதிர்ஷ்டத்தையும் கலந்துவிடுவது. இப்போது பழக்கத்தில் இருக்கும் ஒரு வடிவம் இப்படி. நீங்கள் மட்டும் பார்க்கும்படி ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்டுகிறீர்கள். 1 விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்', 6 விழுந்தால் 'இல்லை', மற்றபடி உண்மை. 600 பேர் உருட்டினால் ஏறக்குறைய 100 பேர் கட்டாய 'ஆம்', 400 பேர் உண்மை சொல்கிறவர்கள். மொத்தம் 148 'ஆம்' வந்தால், 100-ஐக் கழித்து மிச்சம் 48, அதை 400-ஆல் வகுத்தால் 12 சதவீதம். அந்த 148 பேரில் யார் நிஜம், யார் கட்டை உருட்டியதால் சொன்னவர் என்பது ஆய்வாளருக்கே தெரியாது. கோகெய்ன், கஞ்சா பற்றியும் இதே மாதிரி கேட்கலாம்.

நெதர்லாந்தில் 718 ஜிம் உறுப்பினர்களிடம் நேரடியாகக் கேட்டதற்கு, கடந்த ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 0.4 சதவீதம். அதிர்ஷ்டம் கலந்து கேட்டபோது 8.2. இருபது மடங்கு!

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. எதையுமே தொடாத ஆளுக்கு 1 விழுந்தால், 'ஆம்' என்று எழுதக் கை வராது, "நான் ஏன் பொய் சொல்லணும்" என்று 'இல்லை' போட்டுவிடுவார். அப்படி நிறையப் பேர் செய்து மொத்தம் 90 'ஆம்' மட்டும் வந்தால், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மைனஸ் இரண்டரை சதவீதம் என்று கணக்கு வரும், சிரிக்காதீர்கள். அதனால் இந்த முறையில் வரும் எண்ணையும் நான் குறைந்தபட்சக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன். கேள்வியில் 'ஸ்டீராய்டு' என்று மட்டும் இருந்தால், கொழுப்பைக் குறைக்க கிளென்பியூட்டெரால் என்ற மருந்தை எடுப்பவர் நல்ல மனசாட்சியோடு 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவார், அது ஸ்டீராய்டே இல்லையே.