ட்ரக்கின் டைமிங் செயினை வீட்டிலேயே மாற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2006 ஃபோர்டு எஃப்-150 இருக்கிறது, 5.4 லிட்டர் வி8 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சில நொடி கலகலவென்று சத்தம் வந்து அடங்கிவிடும். வண்டி நன்றாகச் சூடாகி சிக்னலில் நிற்கும்போது டீசல் வண்டி மாதிரி டக் டக் என்று அடிக்கிறது. கராஜில் காட்டினால் டைமிங் செயின் போய்விட்டது, 4,000 டாலர் ஆகும் என்கிறார்கள். பிரேக், சஸ்பென்ஷன் வேலையெல்லாம் நானே செய்து பழக்கம். இதையும் வீட்டில் செய்யலாமா? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: செய்யலாம். பிரேக் வேலை பழகிய கைக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் நிறைய வேண்டும். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாகட்டும்: இந்த எஞ்சினில் செயின் முதலில் போவது அரிது. முதலில் போவது டென்ஷனர், அதாவது செயினை இறுக்கிப் பிடிக்கிற உறுப்பு. அதை விட்டுவிட்டு செயினை மட்டும் மாற்றினால் செய்த வேலை வீண்.

சிலிண்டருக்கு 3 வால்வு உள்ள இந்த 5.4 லிட்டர் எஞ்சின் எஃப்-150-இல் 2004 மாடலில் வந்து 2010 வரை இருந்தது. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டுக்கு, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு நீளச் செயின் போகிறது; அதுதான் டைமிங் செயின். அந்தச் செயினை ஆயில் பிரஷரில் வேலை செய்கிற ஒரு டென்ஷனர் தள்ளிப் பிடித்திருக்கிறது. டென்ஷனரின் உடம்பு பிளாஸ்டிக், அதன் முதுகில் ஒரு ரப்பர் சீல். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அந்த சீல் பிதுங்கிக் கிழியும், கிழிந்த இடத்தில் பிரஷர் கசியும். எஞ்சினுக்கு உள்ளேயே கசிவதால் தரையில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. அங்கே போகிற பிரஷர் மேலே ஹெட்டில் இருக்கும் கேம் ஃபேஸருக்கு, அதாவது கேம் வால்வைத் திறக்கும் நேரத்தை ஆயில் பிரஷரால் முன்பின் நகர்த்துகிற உறுப்புக்கு, போய்ச் சேர வேண்டியது. ஆயில் சூடாகி இளகிய பிறகு ஐடிலில் அது இன்னும் குறைந்துபோக, ஃபேஸர் நிலையாக நிற்க முடியாமல் அடித்துக்கொள்ளும். சிக்னலில் நீங்கள் கேட்பது அதைத்தான். காலைச் சத்தம் வேறு. ராத்திரி முழுக்க ஆயில் வடிந்து தளர்ந்துபோன டென்ஷனரால் செயின் தொய்ந்து, அதை வழிநடத்துகிற பிளாஸ்டிக் கைடில் அடிக்கிற சத்தம் அது. அப்படி அடி வாங்கி வாங்கி கைடு உடையும், உடைந்த துண்டு எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பில் விழும், அங்கே ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வலையை அடைக்கும், பிரஷர் இன்னும் குறையும். ஒன்றிலிருந்து ஒன்றாக இப்படித்தான் போகும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். செயின் சில பல் தாண்டிவிட்டால் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

முதல் வேலை ஆயில் பிரஷரை அளப்பது. டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் முள்ளை நம்ப வேண்டாம். அதன் பின்னால் இருப்பது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். ஓரளவு பிரஷர் இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுவிடும். ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள அந்த சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் டயல் வைத்த மெக்கானிக்கல் கேஜை மாட்டி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலில் எவ்வளவு, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வேலை முடிந்த பிறகும் இதே போல அளந்தால்தான் என்ன மாறியது என்று தெரியும். ஸ்கேனரும் போடுங்கள்: பி0012, பி0022 என்று வந்தால் கேம் நேரம் பின்தங்குகிறது, பி0016, பி0018 என்றால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை.

அடுத்தது சாமான். முன்கவரைத் திறக்கிற அளவுக்குப் போய்விட்டால் செயின் இரண்டு, டென்ஷனர் இரண்டு, கைடுகள், டென்ஷனர் ஆர்ம், ஃபேஸர் இரண்டு, ஃபேஸருக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்துகிற விவிடி சொலினாய்டு இரண்டு, ஆயில் பம்ப், கேஸ்கெட், முன் கிராங்க் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஆயில் பம்ப் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு தூரம் பிரித்துவிட்டு அதை விட்டுவைப்பது நியாயமே இல்லை. டென்ஷனர் வாங்கும்போது பிளாஸ்டிக் வேண்டாம், பழைய 2 வால்வு எஞ்சினுக்கு வந்த வார்ப்பிரும்பு டென்ஷனர் இதற்கும் பொருந்தும், அந்த ரப்பர் சீல் தொல்லை அதில் இல்லை. சம்ப்பையும் இறக்கி வலையைச் சுத்தம் செய்யுங்கள். நான்கு சக்கர ட்ரைவ் வண்டியென்றால் முன் டிஃபரன்ஷியல் குறுக்கே நிற்கும், இந்த வேலையில் எரிச்சல் மூட்டுகிற இடம் அதுதான். ஆனாலும் விடாதீர்கள். அடைத்த வலையோடு புது பம்ப் போட்டு என்ன பயன்?

பிரிக்கும்போது பாட்டரியைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்து, ஃபேன், பெல்ட், காயில், இரண்டு டேப்பெட் கவர் என்று வரிசையாக வாருங்கள். முன்கவர் போல்ட்கள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் படத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொரு போல்டையும் குத்தி வைத்தால் பிறகு தலையைச் சொறிய வேண்டாம். சம்ப் பக்கமிருந்து கவருக்குள் ஏறுகிற நான்கு போல்ட்களை மறந்துவிட்டுக் கவரை நெம்பாதீர்கள், அலுமினியம் உடைந்துவிடும். செயினைத் தளர்த்துவதற்கு முன் மேனுவல் சொல்கிற ரோலர் ஃபாலோயர்களை (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் சிறு கைகள்) எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் தானாகச் சட்டென்று திரும்பும். விரல் பத்திரம்.

ஸ்பார்க் பிளக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கையால் சுலபமாகத் திருப்ப பிளக்கைக் கழற்றுவதுதான் வழக்கம், ஆனால் 2004 முதல் 2008 வரையான வண்டிகளில் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது; கார்பன் பிடித்து அடித்துண்டு ஹெட்டிலேயே மாட்டிக்கொண்டு மேல்துண்டு மட்டும் கையோடு வரும். இதுவரை மாற்றாத பிளக் என்றால், எஞ்சின் ஆறிய பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, குழிக்குள் கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி ஊறவிட்டு, பிறகு முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து எடுங்கள். அவசரமென்றால் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு நீளமான கம்பி போட்டுத் திருப்பலாம், கனமாக இருக்கும், அவ்வளவுதான். திருப்புவது எப்போதும் கடிகாரச் சுற்றில் மட்டும்.

இன்னொன்று, வண்டிக்கு அடியில் போகும்போது ஸ்டாண்ட் போடாமல் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்கார்பரோ குளிரில் திறந்த வெளியில் இதைத் தொடங்கவும் வேண்டாம். கவர் மூட வைக்கிற சிலிக்கான் பசை சரியாகப் பிடிக்காது.

கேள்வி: மேலே சொன்ன அதே எஞ்சின்தான், கவரைத் திறந்துவிட்டேன். பழைய செயினில் வண்ணக் கண்ணி எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறமாக இருக்கிறது. எப்படி மார்க் வைப்பது? – எட்மன்டன் வாசகர்

பதில்: பழைய செயினில் நிறம் அழிந்துபோவது சகஜம். புதுச் செயினில் செம்பு நிறத்தில் இருக்கும். அதிலும் தெரியாவிட்டால், செயினை இரட்டையாக மடித்துத் தரையில் நீட்டுங்கள். ஒரு முனையில் ஒரு கண்ணிக்கும், மறுமுனையில் அடுத்தடுத்த இரண்டு கண்ணிக்கும் பெயின்ட் பேனாவால் குறி வையுங்கள். ஒற்றைக் கண்ணி கீழே, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் மார்க்குக்கு நேராக. இரட்டைக் கண்ணி மேலே, அந்த இரண்டுக்கும் நடுவில் ஃபேஸரின் மார்க். முதலில் இடது செயின், அது உள்பக்கம் இருப்பது, அப்புறம் வலது.

இங்கேதான் பலரும் சறுக்குவது: இடது வலது என்பது ட்ரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. நீங்கள் முன்னால் நின்று எஞ்சினைப் பார்க்கும்போது இடது பேங்க், அதாவது இடது பக்கச் சிலிண்டர் வரிசை, உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். ஃபேஸரில் எல் என்றும் ஆர் என்றும் இரண்டு மார்க்கும் பொறித்திருக்கும், ஒரே ஃபேஸர் இரண்டு பக்கமும் போடலாம் என்பதால். ட்ரைவர் பக்கத்துக்கு எல், பயணி பக்கத்துக்கு ஆர். டேப் ஒட்டி இரண்டு ஹெட்டிலும் எழுதியே வைத்துவிடுங்கள்.

செயின் உட்கார்ந்த பிறகு டென்ஷனரின் பின்னை உருவுங்கள். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவது போலக் கெட்டியாக நின்றால் அதற்கு மேல் ஒரு நூலும் தள்ளாதீர்கள், மார்க் தவறியிருக்கிறது. தடங்கலில்லாமல் சுற்றினால் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள மார்க்குகளைச் சரிபாருங்கள். செம்புக் கண்ணிகள் மார்க்கை விட்டு விலகிப்போயிருக்கும், அதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரிக்க வேண்டாம். செயினின் கண்ணிக் கணக்குப்படி அவை மீண்டும் நேராக வர நிறையச் சுற்று ஆகும்.

கவர் மூடும் முன் கிராங்க் சென்சாருக்கான பல்சக்கரம் போட்டீர்களா என்று பாருங்கள், எந்தப் பக்கம் முன்னே வர வேண்டுமோ அந்தப் பக்கமாக. இது மெல்லிய தகடு, ஒரு ஓரமாகக் கிடக்கும், இல்லாமல் மூடிவிட்டால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது, எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டும். ஹெட்டும் பிளாக்கும் சேருமிடம், பிளாக்கும் சம்ப்பும் சேருமிடம், இந்த மூலைகளில் சிலிக்கான் வைத்ததும் நான்கு நிமிடத்துக்குள் கவர் மேலே ஏறியிருக்க வேண்டும். பழைய பசையைச் சுரண்ட பிளாஸ்டிக் தகடு போதும், இரும்பு அலுமினியத்தைக் கீறிவிடும். கிராங்க் புல்லி போல்டும் ஃபேஸர் போல்டும் ஒரு தடவைக்கு மேல் உதவாது, புதிது வாங்குங்கள். புல்லி போல்டை இறுக்கி, ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, கடைசியில் 90 டிகிரி திருப்புவது முறை. டார்க் அளவை மேனுவலைப் பார்த்தே வையுங்கள். புல்லியைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள், அதற்கென்றே வாடகைக்கு டூல் கிடைக்கும். புல்லியின் சாவிக்குழியில் கொஞ்சம் சிலிக்கான் வைத்தால் அங்கே ஆயில் கசியாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்படிப் பிடித்தால் பெட்ரோல் பாயாது, எஞ்சின் எரியாமல் சுற்றி ஆயில் மேலே ஏறும். கேஜில் பிரஷர் தெரிந்த பிறகுதான் ஸ்டார்ட். ஆயில் 5டபிள்யூ-20, சுமார் 7 குவார்ட், அதாவது ஆறரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இனி 8,000 கிலோமீட்டரைத் தாண்டவிடாமல் மாற்றுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஃபேஸர் உட்பட முழு கிட் 250 டாலருக்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? இல்லை ஃபேஸரையே நகராதபடி பூட்டிவிடலாம் என்கிறார் நண்பர். – ஹூஸ்டன் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். செயினும் கைடும் ஓரளவு நல்ல கம்பெனி எதுவானாலும் ஓடும், ஆனால் ஃபேஸரும் சொலினாய்டும் நுணுக்கமாகக் கடைந்த சாமான்; மலிவில் வந்த ஃபேஸர் கொஞ்ச நாளில் அதே டக் டக்கோடு திரும்பும். உங்கள் உழைப்புக்கு மதிப்பிருக்கிறது, இரண்டாவது தடவை இதே வேலையைச் செய்ய யாருக்கும் மனம் வராது. அந்த இரண்டை மட்டுமாவது ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் பெட்டியில் வாங்குங்கள். ஃபேஸரைப் பூட்டுவது பலர் செய்வதுதான், சத்தமும் நிற்கும். ஆனால் கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும், கேம் நேரம் மாறுவதால் கிடைக்கிற இழுவையும் மைலேஜும் போய்விடும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2018 எஃப்-150, 3.5 ஈக்கோபூஸ்ட். காலையில் மட்டும் இரண்டு மூன்று நொடி கரகரப்பு. இதுவும் செயின்தானா? – டாலஸ் வாசகர்

பதில்: பெரும்பாலும் ஃபேஸர். இந்த வி6-இல் நான்கு ஃபேஸர் இருக்கிறது, ராத்திரி நின்ற பிறகு அதன் பூட்டுப் பின் சரியாக உட்காராததால் ஸ்டார்ட்டில் கரகரக்கும். ஃபோர்டே இந்த வருடத்து வண்டிகள் பலவற்றுக்கு ஃபேஸரை மாற்றிக் கொடுத்திருக்கிறது. உங்கள் வண்டியின் வின் எண்ணை (வண்டிக்கான தனி அடையாள எண்) கொடுத்து இதற்கு முன் மாற்றியிருக்கிறார்களா என்று டீலரிடம் கேளுங்கள். வீட்டில் செய்வதென்றால் 5.4-ஐ விட இது சிக்கலான வேலை, முதல் டைமிங் வேலையாக இதை எடுக்க வேண்டாம்.

கேள்வி: லாரி எஞ்சினில் டைமிங் செயின் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? – நாமக்கல் வாசகர்

பதில்: பெரிய டீசல் லாரிகளில் பெரும்பாலும் செயினே கிடையாது, கியர்தான். கிராங்க் கியர் கேம் கியரைச் சுழற்றும், பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் டீசல் பம்ப்பையும் சேர்த்துச் சுழற்றும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. எஞ்சின் இறக்கி வேலை பார்க்கும்போது பல் தேய்மானத்தையும் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியையும் பார்த்தால் போதும். முன்பக்கம் ஊளைச் சத்தம் புதிதாகக் கேட்டால் மட்டும் முன்கூட்டியே திறக்கச் சொல்லுங்கள், திறந்தால் முன் ஆயில் சீலையும் கையோடு மாற்றிவிடலாம்.