'கெட்' (get) என்ற குட்டி ஆங்கிலச் சொல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அகராதியைப் புரட்டினால் 'கெட்' என்ற சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள், பொருளை அதுதான் தீர்மானிக்கிறது. பெயர்ச்சொல் வந்தால் பெறு, வாங்கு, கொண்டுவா: 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). பெயரடை வந்தால் ஆகு: 'இட் இஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேர்: 'வி காட் டு தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்'. இந்தக் கடைசி வகையில் பலர் சறுக்குவார்கள். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' கிடையாது. 'காட் டு ஹோம்' தவறு, 'காட் ஹோம்' போதும்.

'ஹி காட் ஆங்ரி' சரி என்கிறார்கள். 'ஹி காட் எ டாக்டர்' என்றால் சிரிக்கிறார்கள். இரண்டும் 'ஆனார்' தானே?

தமிழில் கோபமும் ஆகலாம், டாக்டரும் ஆகலாம். ஆங்கிலத்தில் 'கெட்' பெயரடையோடு சேரும்போதுதான் 'ஆகு' என்ற பொருள் கிடைக்கும். 'ஹி காட் எ டாக்டர்' இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் அவர் யாரோ ஒரு மருத்துவரை அழைத்து வந்தார் என்றாகிவிடும். படித்துப் பட்டம் வாங்கியவருக்கு 'பிகேம் எ டாக்டர்'.

'நேற்று முடி வெட்டினேன்' என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்று சொல்லலாமா?

கத்தரியை நீங்களே பிடித்திருந்தால் சொல்லலாம். சலூனுக்குப் போய் வந்தவரும் தமிழில் 'முடி வெட்டினேன்' என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். பிறரைக்கொண்டு செய்துகொண்ட வேலை என்றால் 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசை முக்கியம்: முதலில் 'கெட்', அடுத்து எதன்மேல் வேலை நடந்ததோ அது, கடைசியில் வினையின் மூன்றாவது வடிவம். 'காட் மை ஃபோன் ரிப்பேர்ட்', 'காட் தி ஹவுஸ் பெயின்டட்' எல்லாம் இதே அச்சு. 'ஐ காட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்று முன்பின் மாற்றினால் வாக்கியம் நிற்காது.

வேலை செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? அப்போது 'டு' வேண்டும்: 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் மை ஃபோன்'. 'ஹேவ்', 'மேக்' இரண்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அவற்றுக்கு 'டு' ஆகாது: 'ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் இட்', 'ஐ மேட் ஹிம் ரிப்பேர் இட்'. மூன்றுக்கும் தமிழில் 'செய்யவைத்தேன்' என்றே போடலாம், ஆனால் தொனி வேறு. 'காட்' என்றால் கேட்டுப் பேசி இணங்கவைத்தேன். 'ஹேட்' என்றால் வேலையை ஒப்படைத்தேன். 'மேட்' என்றால் அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் விடவில்லை. மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது 'மேட்' போட்டால் படிப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்'. ஏன் இந்த வேறுபாடு?

உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டியா என்று பாருங்கள். பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் ஏற 'ஆன்', இறங்க 'ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்ஸிக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'. சைக்கிள், குதிரை மாதிரி மேலே ஏறி அமர்வதற்கும் 'ஆன்', 'ஆஃப்' தான். 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' நம் 'இறங்கு' என்ற சொல்லின் நிழல். வெளிநாட்டவர் காதில், மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ கீழே இறங்குவதுபோல் விழும்.

'காட்டன்' என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கொச்சையா?

பருத்தித் துணியைக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கொச்சையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. 'காட்டன்' (gotten) முன்பு பிரிட்டனிலும் இருந்த, 'கெட்'டின் பழைய மூன்றாவது வடிவம்தான், அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. 'ஃபர்காட்டன்' மட்டும் இரு பக்கமும் இன்னும் உயிரோடிருக்கிறது. அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் வாங்கியாகிவிட்டது. பிரிட்டிஷ் வழக்கில் இரண்டுக்கும் 'காட்' தான்.

'ஐ காட் டு மீட் ஹர்': சந்தித்தாரா, சந்திக்க வேண்டுமா?

எழுத்தில், சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது என்றே பொருள். சந்தித்தே ஆக வேண்டும் என்றால் 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்'. பேச்சில் அந்த 'ஹேவ்' உதிர்ந்து 'ஐ காட்டா மீட் ஹர்' என்று ஒலிக்கும்.

அலுவலகக் கடிதத்தில் 'கெட்' எழுதலாமா?

குறைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்ததற்கு 'ரிசீவ்', முயன்று பெற்றதற்கு 'ஒப்டெய்ன்', வந்து சேர்ந்ததற்கு 'அரைவ்'. 'கெட் மேரீட்' என்பதை மட்டும் தொடாதீர்கள், 'பிகம் மேரீட்' என்று யாரும் எழுதுவதில்லை.