பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, டொக்டர்

செய்ய மாட்டீர்கள், தங்கச்சி. முடி கொட்டுகிறது, கை வெடிக்கிறது, தலையிடி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில். வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கண்டாலே நாலு மாதப் பிள்ளையின் கழுத்து கண்முன் வருகிறது. கத்தியை அடுத்த லயத்து அக்கா வீட்டில் வைத்துவிட்டீர்கள். இப்போது வெங்காயம் நறுக்கவும் பயம், பிள்ளையைத் தனியே குளிப்பாட்டவும் பயம். வெளியே சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாயே திறக்கவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்பார்கள். நூற்றில் ஒருவர் இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. பிள்ளை பெற்ற மாதங்களில் இது புதிதாகத் தொடங்குவதும் உண்டு, முன்பு லேசாக இருந்தது கூடுவதும் உண்டு. பிள்ளைக்குக் கெடுதல் செய்வதுபோல் ஒரு நினைப்பு, கேட்டுப் பார்த்தால் கைக்குழந்தை உள்ள தாய்மாரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வந்திருக்கும். அவர்களுக்கு வந்த வேகத்தில் போய்விடுகிறது. உங்களுக்கு ஒட்டிக்கொண்டது. சாமி கும்பிடுகிறவருக்குச் சாமியை ஏசும் நினைப்பும், பிள்ளைமேல் உயிரை வைத்திருப்பவருக்குப் பிள்ளையைப் பற்றிய நினைப்பும் வருவதுதான் இந்த நோயின் குணம். நினைப்பைக் கண்டு இப்படி நடுங்குகிறவர் அதைச் செய்வதில்லை.

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள், வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பயம் போய், நினைப்பு சரிதான் என்று படத் தொடங்கினால் அது வேறு நோய். ‘செய்’ என்று காதில் குரல் கேட்பது, இது என் பிள்ளையே இல்லை, பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புவது, பிள்ளை தூங்கும்போதும் தூக்கமே வராமல் இரவெல்லாம் நடந்துகொண்டு களைப்பே தெரியாமல் இருப்பது, பேச்சு தொடர்பில்லாமல் போவது: இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுதான். ஆனால் மணிக்கு மணி முற்றும். பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, தாயைத் தனியே விடாமல், 1990க்கு அடித்து அம்புலன்ஸை வரவழையுங்கள். ‘நான் இல்லாமல் போனால் பிள்ளைக்கு நல்லது’ என்ற நினைப்பு வந்தாலும் அதே அவசரம்தான். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். உங்கள் கடிதத்தில் இந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை.

மற்றவை சின்ன விஷயம். நாலாம் மாதத்தில் முடி கொட்டுவது பிரசவத்தால், தானாக நிற்கும். கை வெடிப்பு, குளிர்ந்த பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவதால். கழுவுவதைக் குறையுங்கள், இரவில் வாஸ்லின் பூசுங்கள். மாமியார் கட்டிய தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும்.

நாத்தனார் பாமசியில் வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டொக்டரின் மருந்துத் துண்டில்லாமல் அதைக் கொடுத்தவரையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மாத்திரை, டயசிபாம், இந்த நோயைத் தொடாது. பாலில் போய்ப் பிள்ளையை மயக்கத்தில் போடும், நாளடைவில் உங்களையும் பழக்கப்படுத்திவிடும். இனித் தொடாதீர்கள். வாரக்கணக்கில் போட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லிக் குறையுங்கள். போனில் ‘பிள்ளையைக் கொன்ற தாய்’ என்று தேடித் தேடி வாசிப்பதையும் இன்றோடு விடுங்கள்.

கத்தியை ஒளிப்பது, போனில் தேடுவது, வேலையால் வந்த மனிதரிடம் ‘நான் ஒன்றும் செய்ய மாட்டேன்தானே’ என்று இரவில் பத்துத் தடவை கேட்பது, எல்லாம் அட்டை கடித்த இடத்தைச் சொறிவது மாதிரி. சொறியும்போது சுகம், பிறகு புண். அவர் பாசத்தில்தான் ‘மாட்டாய்’ என்கிறார். ஆனால் அந்தப் பதில் கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சிகிச்சை இதற்கு எதிர்த்திசையில் போகும். பயப்படுவதைப் படிப்படியாக நெருங்கி, பயம் ஏறினாலும் ஒளிக்காமல், கேட்காமல், அது தானாக இறங்கும்வரை இருப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இந்த வழியில் குணம் கண்டதை எழுதும்வரை, இந்த நோயை ஆற்ற முடியாதென்றே பலரும் கைவிட்டிருந்தார்கள். உங்களுக்கு முதல் படி, மாமியார் அடுத்த காம்பராவில் இருக்கப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதாக இருக்கலாம். கத்தி வீட்டுக்குத் திரும்புவது பிந்திய படி. இதைத் தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டும்.

மருந்தும் உண்டு. சேர்ட்ரலீன் பாலில் மிகக் கொஞ்சமே போகும், பாலை நிறுத்தத் தேவையில்லை. இந்த நோய்க்குப் பெரும்பாலும் கூடிய அளவு தேவைப்படும், பலன் முழுதாகத் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரமும் ஆகலாம். இரண்டு வாரத்தில் ‘மருந்து கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மனநல கிளினிக் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் மிட்வைஃபிடம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. இதற்காக யாரும் பிள்ளையைப் பறிப்பதில்லை, அங்கொடைக்கும் அனுப்புவதில்லை. அங்கே போய், நினைப்பு வருகிறது, வேண்டாமல் வருகிறது, அதைக் கண்டு பயப்படுகிறேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் கேட்பவருக்குத் தப்பாக விளங்கும். வீட்டுக்காரரை வாசலில் நிற்க விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் அந்தக் கேள்விக்கு இனி என்ன பதில் சொல்வது என்று அவருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள்.